ஜுனைட்டின் லொக் கொப்பி

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, சோற்றுப் பீங்கானில் கை வைத்தபடி ஜுனைட் ஒரு வாக்குக் கொடுத்தான். சோற்றின் முன்னால் கொடுக்கப்படும் வாக்குகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. வயிறு நிறைய நிறைய, தான் யார் வீட்டில் இருந்து சாப்பிடுகிறோம் என்பதே மனிதனுக்கு மறந்துபோகிறது.

அவன் இருந்து சாப்பிட்டது அவனுடைய மனைவி றாஹிலாவின் வீட்டில். சாய்ந்தமருதுப் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது வழமை. ஆகவே வீடு றாஹிலாவுடையது. கிணறு றாஹிலாவுடையது. முற்றத்துத் தென்னை ஆறும் றாஹிலாவுடையது. கோழிகள்கூட அவள் கூப்பிட்டால்தான் வரும். அந்த வளவுக்குள் ஜுனைட்டுக்கென்று இருந்த ஒரே ஒரு சாமான் கார்.

தோஹாவில் ஏழு வருஷம் ஒரு கராஜில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு, தொண்ணூற்றாறில் ஊர் வந்து, கல்முனை பஸாரில் டிரக்டர் பாட்ஸ் கடை போட்டவன் அவன். கடை போடுவதற்கு முன்பே அவன் வாங்கியது இந்தக் காரைத்தான். ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த சின்னக் கார். பின்பக்கம் மட்டும் சிவப்பு எழுத்தில் ‘டர்போ’ என்று போட்டிருக்கும். அந்த ஒரு சொல்லுக்காக அவன் காருக்குச் செய்த பணிவிடை கொஞ்சநஞ்சமல்ல. மீன் ஏற்றக்கூடாது. ஈரக் காலோடு ஏறக்கூடாது. வெற்றிலை வாயோடு ஏறக்கூடாது. கடைசிச் சட்டம் மாமி ஆமினா உம்மாவுக்கென்றே போட்டது. மருதமுனையில் இருக்கிற மூத்த சகோதரி, ராத்தாவைப் பார்க்கப் போவதென்றால், றாஹிலா வாசலில் நிற்கிற காரைப் பார்த்துக்கொண்டே நடந்துபோய் பஸ் ஏறுவாள்.

அப்படிப்பட்ட காரை முந்திய நாள் ஒரு வேன் முந்திவிட்டது. வேனை ஓட்டியவர் றாஹிலாவின் மூத்த சகோதரர், காக்கா முகம்மது தம்பி. ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓடுகிற டீசல் வேன். அதிலும் டர்போ இருந்தது என்றாலும், டீசல் டர்போவை ஜுனைட் டர்போவாகக் கணக்கெடுப்பதில்லை.

“மச்சான், நேத்து நிந்தவூருக்குக் கிட்ட றோட்டோரத்தில ஒரு கார் நிண்டிச்சி. உங்கட கார் மாதிரி” என்றார் முகம்மது தம்பி, மீன் முள்ளை எடுத்தபடி.

“நிக்கல்ல. ஓடிக்கிட்டிருந்த.”

“அப்பிடியா? எனக்கு நிண்ட மாதிரித் தெரிஞ்சிச்சி.”

மாமி சிரித்தாள். சின்னப் பிள்ளைகள் சிரித்தன. ஜுனைட் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினான்.

“இன்னும் மூணு கிழமையில அக்கரைப்பற்றுச் சொந்தக்காரர்ட கலியாணம்” என்றான் அவன். “எல்லாரும் போறதானே. காரைதீவு முடியிற இடத்திலயிருந்து நிந்தவூர் வாற வரைக்கும் வயல்றோட்டு. அதுக்குள்ள உங்கட வேன நான் முந்திக் காட்டுறன்.”

“பந்தயமா மச்சான்? ஹறாம்.”

“பந்தயமில்ல. வாக்கு. முந்தல்லயெண்டா காருட திறப்புச் சாவி றாஹிலாட கையில. அவ சொல்ற இடத்துக்கு நான் ஓடுவன், அவ்வளவுதான்.”

றாஹிலா அகப்பையை எடுத்தாள். புருஷனின் பீங்கானில் இன்னும் ஒரு அகப்பை மீன் ஆணம் ஊற்றினாள். கேட்காமலேயே ஊற்றினாள். ஜுனைட் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இரவில் பாய் போட்ட பிறகு அவன் அவளுக்கு விஷயத்தை விளக்கினான்.

“டர்போ எண்டா எஞ்சினுக்குக் காத்த அமுக்கி ஊட்டுற சாமான். அந்த அமுக்கத்துக்குப் பேர் பூஸ்ட். பூஸ்ட் கூடினா வேகம் கூடும்.”

“அப்ப கூட்டுங்களன்.”

“கண்ட மாதிரிக் கூட்டினா பிஸ்டன் உருகிரும்.”

“அப்ப உடுங்களன்.”

“ரெண்டுக்கும் நடுவுல ஒண்டு இரிக்கி றாஹிலா. லொக் பண்றது! தோஹாவில ஒரு எஞ்சினியர் செய்வான், நான் பாத்திரிக்கன். கார் ஓடக்குள்ள பூஸ்ட் எவ்வளவு, சூடு எவ்வளவு, எஞ்சினுக்குள்ள தட்டுற சத்தம் வருதா, எல்லாத்தையும் ஒண்டும் விடாம எழுதிவைக்கிற. அதுதான் லொக். மறுகா அதப் பாத்து, கொஞ்சம் கூட்டுற. திரும்ப ஓடிப் பாக்கிற. திரும்ப எழுதுற. ஆபத்தெண்டு லொக் சொன்னா உடனே நிப்பாட்டிற.”

“கையாலயா எழுதுவான்?”

“மடியில கம்பியூட்டர வச்சி.”

“நம்மட்டக் கம்பியூட்டர் இல்லியே.”

ஜுனைட் அவளைப் பார்த்தான். ஓ.எல். பரீட்சையில் கணக்குக்கு டிஸ்டிங்ஷன் எடுத்தவள். கண்ணும் சுறுக்கு, கையும் சுறுக்கு. மின்சாரமும் வேண்டாம். கல்முனை முழுக்கத் தேடினாலும் கிடைக்காத கம்பியூட்டர் தன் பாயிலேயே படுத்திருப்பதை அவன் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தான்.

ஞாயிற்றுக்கிழமையே காரைக் காரைதீவுக்குக் கொண்டுபோய்க் கந்தப்போடி அண்ணனின் கராஜில் விட்டான். வயல்றோட்டு தொடங்குகிற இடத்தில் அந்தக் கராஜ் இருந்தது. கந்தப்போடி பேச்சில் சிக்கனம், வேலையில் தாராளம். டஷ்போர்ட்டில் இரண்டு மீட்டர் பூட்டினார். ஒன்று பூஸ்டுக்கு, மற்றது புகைக்குழாயின் சூட்டுக்கு. எஞ்சினில் ஒரு செம்புக் குழாயை இறுக்கி, அதன் நுனியில் றப்பர் குழாய் மாட்டி, பக்கத்துச் சீட்டு வரைக்கும் இழுத்துவிட்டார். அதைக் காதில் வைத்தால் எஞ்சினுக்குள் நடக்கிறதெல்லாம் கேட்கும். பூஸ்டைக் கூட்டுகிற கம்பியின் நட்டை எப்படிக் கிறுக்குவது, அதாவது திருகுவது, என்று ஜுனைட்டுக்குக் காட்டினார்.

“ஒருக்கா அரைச் சுத்துக்கு மேல கிறுக்காத தம்பி” என்றார். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

முதல் ஓட்டம் திங்கட்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு. ஜுனைட் ஒரு புதுக் கொப்பி வாங்கி, அட்டையில் ‘லொக்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினான். முதல் பக்கத்தில் சட்டங்களைச் சொல்லச் சொல்ல றாஹிலா எழுதினாள். ஒரு தரத்துக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். றோட்டும் பாரமும் ஒவ்வொரு தரமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். காணாததை எழுதக்கூடாது. கொப்பி சொன்னால் கேட்க வேண்டும்.

“யார் கேக்கிற?” என்றாள் றாஹிலா.

“எல்லாரும்தான்.”

“நீங்களுமா?”

“நானுந்தான்.”

அதையும் அவள் எழுதிக்கொண்டாள்.

காரை எடுக்கப் போகும்போது பின்சீட்டில் ஆமினா உம்மா இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சம்மாந்துறை மில்லில் குற்றிய அரிசி, அரை மூட்டை.

“மாமி, இது டெஸ்ட்!”

“ஓம் மகன். டெஸ்டு முடியிற இடத்திலதான் நிந்தவூர்ல என்ட தங்கச்சிட வீடு. அரிசியக் குடுத்துட்டு ஒரு எட்டுப் பாத்துட்டு வருவம்.”

முதல் நாளே சண்டை வேண்டாமென்று அவன் விட்டுக்கொடுத்தான். இரண்டாம் நாளும் பின்சீட்டில் மாமியும் அரை மூட்டையும் இருக்கக் கண்டு அவனுக்குப் பொறுக்கவில்லை.

“அரிசி அண்டைக்கே குடுத்தாச்சே!”

“இது வேற அரிசி” என்றாள் றாஹிலா. “பாரம் ஒண்டுபோல இரிக்கணுமாமே. முதல் நாள் உம்மாவும் அரிசியும் இருந்திச்சி. இண்டைக்கு இறக்கினா லொக் பிழைச்சிரும். சட்டம் ரெண்டு, முதல் பக்கம்.”

ஜுனைட் கொப்பியைப் பார்த்தான். சட்டம் அவனுடையது. காரை எடுத்தான்.

அன்றிலிருந்து மூன்று கிழமையும், ஒரு வாரம் விடாமல், மாமி காரில் ஏறினாள். றோட்டும் மாறக்கூடாது என்பதால் ஒவ்வொரு ஓட்டமும் நிந்தவூரில் அவள் தங்கச்சி சல்மா உம்மாவின் வாசலில்தான் முடிந்தது. வெற்றிலை போட்ட வாயோடு மாமி முதல் ஓட்டத்தில் ஏறியிருந்தபடியால், வெற்றிலையும் பாரத்தில் சேர்ந்தது.

“எவ்வளவு?” என்று கத்துவான் ஜுனைட், அக்சிலேட்டரை மிதித்தபடி.

“அரைக் கிலோ!” என்பாள் றாஹிலா. ஜப்பான்காரன் அந்த மீட்டரில் அமுக்கத்தைக் கிலோக் கணக்கில்தான் போட்டிருந்தான்.

“என்னது அரைக் கிலோ?” என்பாள் மாமி பின்னாலிருந்து.

“காத்து மாமி!”

“அல்லாஹ்வே, காத்தும் இப்ப கிலோக் கணக்கிலயா வருது?”

“சூடு?”

“எழுநூத்தி இருவது.”

“தட்டுற சத்தம்?”

றாஹிலா முக்காட்டுக்குள் றப்பர் குழாயைச் செருகிக் கண்ணை மூடுவாள். “இல்ல.”

அது யுத்த காலம்; காரைதீவுக்கு முன்னாலிருந்த ஆமி செக்பொயின்டில்தான் ஒரு நாள் மாட்டிக்கொண்டார்கள். ஆமிக்காரன் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான். டஷ்போர்ட்டில் கம்பிகள். இரண்டு மணிக்கூடு மாதிரி வட்டங்கள். ஒரு பெண்பிள்ளையின் காதுக்குள் குழாய். மடியில் கொப்பி நிறைய இலக்கங்கள். அவன் துவக்கை நேராகப் பிடித்துக்கொண்டு “மே மொக்கத?” என்று சிங்களத்தில் கேட்டான். இது என்ன என்கிறான். ஜுனைட்டுக்கு டர்போ, பூஸ்ட், லொக் மூன்றும் நாக்கில் ஒட்டிக்கொண்டன. ஏழு வருஷத்து அறபுதான் வாயில் வந்தது. அந்த இடத்தில் அதைவிடக் கெடுதலான பாஷை வேறு இல்லை.

“கார் எக்கட்ட அசனீப்பய்” என்றாள் றாஹிலா அமைதியாக. காருக்குச் சுகமில்லையாம். சொல்லிவிட்டுக் குழாயை அவனிடமே நீட்டினாள். ஆமிக்காரன் தொப்பியைத் தூக்கிவிட்டுக் காதில் வைத்தான். முகம் டொக்டரின் முகமாக மாறியது. இன்னொருவனையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தான். இரண்டு பேரும் கவலையோடு தலையாட்டிவிட்டு, மெதுவாகக் கொண்டுபோகச் சொல்லி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு வேலை ஒழுங்காக நடந்தது என்பதை மறைக்கக்கூடாது. அரைச் சுற்றுக் கிறுக்குவான், ஓடுவான், வீட்டுக்கு வந்து கொப்பியை விளக்கடியில் வைத்து இரண்டு பேரும் பார்ப்பார்கள். புள்ளி அறுபது. சூடு எழுநூற்று எண்பது. சத்தம் இல்லை. இன்னும் அரைச் சுற்று. கார் உண்மையாகவே பாயத் தொடங்கியது. ஜுனைட்டின் நெஞ்சும் அதோடு பாய்ந்தது. மூன்றாம் கிழமைச் செவ்வாய்க்கிழமை, புள்ளி எழுபதில், றாஹிலா பென்சிலைத் தூக்கினாள்.

“நிப்பாட்டுங்க.”

“என்ன?”

“டிக் எண்டிச்சி. ஒருக்கா. சூடு எண்ணூத்தி நாப்பது.”

“கல்லுத் தெறிச்சிருக்கும்.”

“கல்லு வெளியில தெறிக்கும். இது உள்ளுக்க. அரைச் சுத்துக் குறைக்கணும்.”

“இன்னும் கொஞ்சம் ஏத்தினாத்தான்டி வேன முந்தலாம்!”

“ஏத்துறதெண்டா உம்மாவ ஏத்துங்க, என்ட ராத்தாவ ஏத்துங்க. அத ஏத்தாதீங்க. கொப்பி சொல்லுது.”

அவன் அன்றைக்கு அரைச் சுற்றுக் குறைத்தான். ஆனால் மனம் குறையவில்லை. முகம்மது தம்பி மீன் முள்ளை எடுத்தபடி சிரித்த சிரிப்பு கண்ணுக்குள்ளேயே நின்றது. தோற்றால் கார் போய்விடும். கார் போனால் இந்த வளவில் தனக்கென்று என்ன இருக்கிறது? சாரனும் சவர சாமானும்தான்.

வியாழக்கிழமை கடையை மத்தியானமே பூட்டிவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் அவன் ஒன்றரைச் சுற்றுக் கிறுக்கினான். தனியே காரை எடுத்துக்கொண்டு வயல்றோட்டில் இறங்கினான். மிதித்துப் பார்க்கத் துணிவு வரவில்லை. டிக் என்ற சொல் காதுக்குள் இருந்தது. ஒரு மருதமர நிழலில் காரை நிறுத்தி, இளநீர் ஒன்று வெட்டிக் குடித்து, கொப்பியை மடியில் வைத்து ஒரு பக்கம் முழுக்க எழுதினான். பூஸ்ட் புள்ளி எண்பத்தைந்து. சூடு எழுநூற்றி எழுபது. தட்டுற சத்தம் இல்லை, இல்லை, இல்லை.

அந்தப் பக்கத்தை றாஹிலா அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு பார்த்தாள். முந்திய பக்கங்களையும் புரட்டிப் பார்த்தாள்.

“மாஷா அல்லாஹ். இண்டைக்கு உங்கட எழுத்து நல்ல வடிவா இரிக்கி.”

ஜுனைட்டுக்கு உச்சி குளிர்ந்தது. கலியாணம் முடித்த இத்தனை வருஷத்தில் அவள் அவனுடைய எழுத்தைப் புகழ்ந்தது அதுதான் முதல் தரம்.

என்றாலும் பயம் விடவில்லை. ஓட்டிப் பார்க்காத பூஸ்டோடு மச்சானை எதிர்கொள்ள வேண்டும். விஷயம் தெரிந்த ஒருவர் ஒருக்கா ஓட்டிப் பார்த்து, உண்மையான இலக்கத்தை எழுதித் தந்தால் நல்லது. சனிக்கிழமை கடையில் சனம் நிறையும், நகர முடியாது. ஆகவே காலையில் கடைக்குப் போகும்போது காரின் திறப்போடு ஒரு துண்டுக் கடிதத்தையும் றாஹிலாவிடம் கொடுத்தான்.

“கந்தப்போடி அண்ணன் வந்து காரக் கொண்டுபோவார். இதக் குடுங்க. நீங்க படிக்கத் தேவல்ல, வேலை விஷயம்.”

துண்டில் இருந்தது இவ்வளவுதான்: ‘கந்தப்போடி அண்ணனுக்கு. ஞாயிறு போக முன் பூஸ்டை நல்லா லொக் பண்ணிக் கொடுக்கவும். முக்கியம். இப்படிக்கு, ஜுனைட்.’

மாலையில் வந்தபோது கார் கழுவித் துடைத்து வாசலில் நின்றது. “அண்ணன் என்ன சொன்னார்?” என்று கேட்டான்.

“நீங்க எழுதின மாதிரியே செஞ்சிட்டாராம்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. முகம்மது தம்பியின் வேனுக்குள் பத்துப் பேர், மூன்று அண்டா, ஒரு கிடாய். ஜுனைட்டின் காருக்குள் றாஹிலா, மாமி, அரை மூட்டை அரிசி.

“இண்டைக்கு லொக் இல்லியே! அரிசிய இறக்குங்க!”

“மூணு கிழம இந்தப் பாரத்துக்குத்தானே பழக்கின. கடைசி நாள் மாத்தினா என்ன நடக்குமெண்டு யாருக்குத் தெரியும்?” என்றாள் றாஹிலா. கொப்பியும் பென்சிலும் மடியில் தயாராக இருந்தன.

செக்பொயின்டில் இரண்டு வாகனத்தையும் பார்த்துவிட்டுப் போகவிட்டார்கள். அந்த ஆமிக்காரன் காரை அடையாளம் கண்டு, இப்போது சுகமா என்று கையால் கேட்டான். காரைதீவு முடிந்தது. கந்தப்போடியின் கராஜ் கடந்தது. இரண்டு பக்கமும் பச்சை வயல், நடுவில் நேர் றோட்டு. ஜுனைட் பிஸ்மி சொல்லி மூன்றாம் கியருக்குப் போட்டு மிதித்தான்.

“எவ்வளவு?”

“புள்ளி நாப்பது.”

“வரும், வரும். இப்ப?”

“புள்ளி நாப்பது.”

நாலாம் கியர். அக்சிலேட்டர் தரையைத் தொட்டது. மீட்டர் முள் ஆணி அடித்தது போல நின்றது.

“எவ்வளவு றாஹிலா!”

“புள்ளி நாப்பதேதான். சூடு அறநூத்தி எம்பது. சத்தம் இல்ல. நல்ல சுகமா ஓடுது.”

பக்கத்தால் ஏதோ பெரிதாக வந்தது. ஹோன் அடித்தது. வேன் காரை அலட்டிக்கொள்ளாமல் கடந்தது. பின்கண்ணாடிக்குள் இருந்த கிடாய் ஜுனைட்டைப் பார்த்தபடியே எதையோ மென்றுகொண்டு போனது.

“நல்ல ஆடு” என்றாள் மாமி.

ஜுனைட் காரை ஓரங்கட்டிப் போனட்டைத் திறந்தான். பூஸ்ட் கம்பியில் ஒரு நட்டு இருந்த இடத்தில் இரண்டு நட்டு இருந்தன. அவற்றின் மேல் பொட்டு வைத்ததுபோல ஒரு துளி வெல்ட். அவன் காரைத் திருப்பிக் கராஜுக்கு வந்து, இறங்கும்போதே கத்தினான்.

“இதென்ன அண்ணன் இது?”

“லொக்” என்றார் கந்தப்போடி. “நல்ல லொக். யானை வந்து இழுத்தாலும் கிறுகாது.”

“நான் லொக் பண்ணச் சொன்ன பூட்டுறதுக்கில்ல! ஓட்டிப் பாத்து எழுதுறதுக்கு!”

“எழுதுறதுக்கு என்னத்துக்குத் தம்பி லொக்?” அவர் சட்டைப் பையிலிருந்து துண்டை எடுத்தார். “உன்ட எழுத்துத்தானே? எனக்கும் ஒரு சந்தேகம் வந்ததுதான். எந்த லொக் எண்டு தங்கச்சிட்டக் கேட்டன்.”

ஜுனைட் திரும்பினான். றாஹிலா பென்சில் தீட்டிக்கொண்டிருந்தாள்.

“இங்கிலீசில எழுதியிருந்தா வேற வேறயாத் தெரிஞ்சிருக்கும்” என்றாள். “தமிழில ரெண்டும் ஒரே லொக்குத்தானே. பூட்டுறது நல்லமெண்டு நான் நினைச்சன். கம்பெனிக்காரன் வச்ச புள்ளி நாப்பதில பூட்டச் சொன்னன்.”

“அந்தப் புள்ளைக்கு நன்றி சொல்லு” என்றார் கந்தப்போடி. அவர் ஒரே நாளில் இவ்வளவு பேசி யாரும் கண்டதில்லை. “நீ கிறுக்கி வச்சிருந்த இடத்தில இண்டைக்கு மிதிச்சிருந்தா, நாலாம் கியர்ல பிஸ்டன் உருகியிருக்கும். காரத் தள்ளிக்கிட்டுத்தான் கலியாணத்துக்குப் போயிருப்பாய். ஒண்டரைச் சுத்து! ஓட்டியும் பாக்காம!”

“ஓட்டிப் பாத்திருக்கார் அண்ணன்” என்றாள் றாஹிலா. கொப்பியைத் திறந்து வியாழக்கிழமைப் பக்கத்தைப் புருஷனுக்கு மட்டும் தெரியும்படி பிடித்தாள். குரலைத் தாழ்த்தினாள். “மத்தப் பக்கமெல்லாம் பாருங்க. ஓடுற கார்ல நான் எழுதினது, கோழி கிளறின மாதிரி இரிக்கி. இது மட்டும் மணிமணியா இரிக்கி. எந்த மரத்துக்குக் கீழ எழுதினீங்க?”

ஜுனைட் கொப்பியை மூடப் பார்த்தான்.

“ஸ்டேரிங் ஒரு கையில, பென்சில் ஒரு கையில. மறுகா குழாயக் காதுல வச்சது யார்? இளநி மட்டும் குடிச்சிரிக்கீங்க. பக்கத்தில சொட்டு விழுந்திரிக்கி.”

அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக, பயம். அந்த வேகத்தில் எஞ்சின் சிதறியிருந்தால் பின்சீட்டில் மாமி இருந்தாள். பக்கத்தில் இவள் இருந்தாள். கையில் பென்சிலோடு, அவன் பொய் எழுதியது தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள்.

“மச்சானுக்கிட்டச் சொல்லுவீங்களா?” என்று மெல்லக் கேட்டான்.

“என்னத்துக்கு? வாக்க நிறைவேத்தினாப் போதும்.”

அக்கரைப்பற்றில் கலியாண வீட்டு வாசலில் முகம்மது தம்பி கைகட்டிச் சிரித்தபடி நின்றார். ஜுனைட் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். காரின் திறப்பை எடுத்து, சபைக்கு முன்னால், றாஹிலாவின் உள்ளங்கையில் வைத்தான். அவள் அதை ஒரு தரம் பார்த்துவிட்டு முந்தானைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். தென்னை ஆறு, கிணறு ஒன்று, கார் ஒன்று.

“முதல் ஹயர்” என்றாள். “காக்காட வேன்ல ஆக்கள் ஏறினா இடமில்ல. மாப்பிள்ள வீட்டுக்குப் போற அந்த ரெண்டு அண்டாவையும் நம்மட கார்ல ஏத்துங்க. மீன் அண்டாதான். பாத்து.”

மீன் அண்டா. ஜுனைட் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தான்.

“அண்டா ஆடாமக் கட்டக் கயிறு வேணுமெண்டா என்ட டஷ்போர்ட்டுக்குள்ள இரிக்கி மச்சான்” என்றார் முகம்மது தம்பி.

ஜுனைட் வேனில் ஏறி டஷ்போர்ட்டைத் திறந்தான். கயிறு இருந்தது. கயிற்றுக்குக் கீழே இன்னொரு கொப்பி இருந்தது. அட்டையில் ‘லொக்’ என்று எழுதியிருந்தது. முதல் பக்கத்தில் அவனுடைய நாலு சட்டமும், றாஹிலாவின் கையெழுத்தில். உள்ளே மூன்று கிழமையாக, அவன் கடையில் இருந்த காலை நேரமெல்லாம், மருதமுனைக்கு ராத்தாவைப் பார்க்கப் போகிறேன் என்று அவள் சொல்லிவிட்டுப் போன நாளெல்லாம், டீசல் டர்போவின் பூஸ்ட், சூடு, சத்தம். பக்கம் பக்கமாகக் கோழி கிளறல். அரை அரைச் சுற்றாக, பத்திரமாக, வேன் ஏறிக்கொண்டே போயிருந்தது.

சனிக்கிழமையோடு அவள் எழுத்து நின்றது. அதன் கீழே ஈரம் காயாத மையில் மச்சானின் சொந்த எழுத்து இரண்டு வரி:

‘ஞாயிறு. முந்தினது கார் ஒண்டு. கூட்டின பூஸ்ட் தேவைப்படல்ல.’